ஒரு பக்க ஹப் செய்த வேலை

பென்னாகரம் பக்கம் எங்கள் புளியந்தோப்புக்கு ஏறும் மண்பாதையில், மழை பெய்தால் என் பழைய பிக்கப்புக்கு நான்கு சக்கர இழுவை வேண்டும். போன மாதம் லிவரைப் போட்டும் பின்சக்கரங்கள் மட்டுமே சேற்றில் சுழன்றன. தருமபுரியில் ஒரு மெக்கானிக் எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலை மாற்றினார், லிவர் கம்பியைச் சரிசெய்தார். ஐந்து நாள் வீண்.

பிறகு நானே முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தை அதன் ஆக்ஸில் தண்டோடு பூட்டும் ஹப் இரண்டையும் லாக்கில் திருப்பிச் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தேன். இடப்பக்கம் உள்ளே ஆக்ஸில் தண்டும் கூடவே சுற்றியது; வலப்பக்கத் தண்டு அசையவே இல்லை. ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் போதும், இரு பக்கத் தண்டுகளுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் அந்தத் தண்டை மட்டும் சும்மா சுழற்றிக்கொண்டிருக்கும்.

அந்த ஹப்பைப் பிரித்தால், உள்ளே பேரிங் கிரீஸைக் களி போல அடைத்திருந்தார்கள். மெல்லிய பூச்சே போதுமான இடம் அது! நகர வேண்டிய பல்வளையம் அதில் ஒட்டிக்கிடந்தது; பற்களும் மழுங்கியிருந்தன. புதிய ஜோடி வாங்கினேன்.

மாட்டும்போது, தண்டின் காடியில் உட்காரும் வளையக் கிளிப்பான சர்க்ளிப் ஏறாமல் அரை நாள் போனது. தண்டு உள்ளே ஒதுங்கி, கிளிப் உட்காரும் காடி மறைந்திருந்தது. தண்டின் முனையிலுள்ள மரைத்துளையில் ஒரு போல்ட்டைத் திருகி வெளியே இழுத்துப் பிடித்ததும் ‘டிக்’கென்று உட்கார்ந்தது. மறுநாள் ஈரப்பாதையில் வண்டி ஒரே மூச்சில் ஏறியது.