துடைப்பத்தை ஏஜெண்ட் கையில் கொடுக்கும் முன்: அழிக்கும் கருவிக்கு உதவிக் குறிப்பு எழுதும் முறை

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மாமா நடத்தும் ஸ்டுடியோவுக்காக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். பெயர் துடைப்பம். 90 நாளைத் தாண்டிய மூலப் படங்களை வட்டிலிருந்து அழிப்பது அதன் வேலை. இரண்டு வருடமாக நானே ஓட்டியபோது ஒரு பிரச்சினையும் வரவில்லை. தைப்பூசம் முடிந்த மறுநாள், வட்டில் கொஞ்சம் இடம் பண்ணும்படி ஏஐ ஏஜெண்டிடம் (நாம் சொல்வதைக் கேட்டுத் தானே கட்டளைகளை ஓட்டும் மென்பொருள்) சொல்லிவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் இடம் தாராளமாக இருந்தது. தண்ணீர்மலையில் எடுத்த காவடிப் படங்களைத்தான் காணோம்.

கேமராவின் உள் பேட்டரி செத்து, தேதி பழைய வருடத்துக்குப் போயிருக்கிறது. நேற்று எடுத்த படமும் துடைப்பத்துக்குப் பல வருடப் பழசு. மெமரி கார்டை மாமா இன்னும் துடைக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தோம். "ஏன்யா, அது உன்னைக் கேட்காமலா செஞ்சுச்சு?" என்றார்.

கேட்டிருக்கிறது. பதில் வராதபோது கேள்வியைத் தாண்டுவது எப்படி என்று நானே எழுதி வைத்திருந்தேன். அந்தக் கதைக்கு மூன்றாம் படியில் வருகிறேன்.

முதல் படி: உதவிக் குறிப்பின் முதல் வரியிலேயே என்ன அழியும், திரும்பக் கிடைக்குமா என்று சொல்லுங்கள். எச்சரிக்கையைத் தனி ரீட்மீ கோப்பின் (கருவியோடு வரும் விளக்கக் கோப்பு) அடியில் வைத்துப் பயனில்லை. ஏஜெண்ட் பெரும்பாலும் உதவிக் குறிப்பைக் காட்டும் ஹெல்ப் கட்டளையை ஓட்டி, வருவதைப் படித்து, வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே எனக்கு ரீட்மீயைவிட ஹெல்ப் உரைதான் முக்கியம். இப்போது என் முதல் வரி: "வட்டில் உள்ள மூலப் படங்களை நிரந்தரமாக அழிக்கும். குப்பைத் தொட்டிக்குப் போகாது. மீட்க வழியில்லை." மிகைப்படுத்தவில்லை. கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை குப்பைத் தொட்டி வழியாகப் போவதில்லை. எஸ்எஸ்டி வட்டில், அழித்த கோப்பின் இடத்தைக் காலி செய்யும் டிரிம் ஓடிவிட்டால் மீட்பு மென்பொருளாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாம் படி, சொல். என் பழைய குறிப்பில் "பழைய படங்களை எடுத்துவிடும்" என்று இருந்தது. படம் எடுக்கும் கடைக்கு எழுதுகிற வாக்கியமா இது! எடுப்பது என்றால் பிடிப்பதா, அகற்றுவதா? "பழைய" என்பது எந்தத் தேதியைப் பார்த்து? "கோப்பின் திருத்தத் தேதி 90 நாளுக்கு முந்தையதாக இருந்தால் அழிக்கும், கேமரா கடிகாரம் தவறாக இருந்தால் புதுப் படமும் அழியும்" என்று மாற்றினேன். சுத்தம் செய், ஒத்திசை, சீரமை மாதிரி சாதுவான வினைகளைத் தவிர்ப்பது நல்லது. நிரலின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் மென்பொருளில், அது கண்காணிக்காத கோப்புகளை அழிக்கும் கட்டளை கிட் கிளீன். பெயரைக் கேட்டால் வீடு கூட்டுவது போலத்தான் இருக்கிறது. எக்ஸ் ஃபிளாக்கும் (கட்டளையோடு சேர்க்கும் கூடுதல் குறி) சேர்ந்தால், கிட் கண்டுகொள்ளாமல் விடச் சொன்ன கோப்புகளும் போய்விடும். கடவுச்சொற்கள் வைத்திருக்கும் என்வ் கோப்பும் வழக்கமாக அதில்தான் இருக்கும்.

மூன்றாம் படியில்தான் நான் விழுந்தேன். துடைப்பம் "உறுதியா?" என்று கேட்டது. ஏஜெண்ட் ஓட்டிய இடத்தில் தட்டச்சு செய்ய ஆளில்லை. உடனே ஸ்கிரிப்ட், "பதில் வரவில்லை. கேள்வியைத் தவிர்க்க யெஸ் ஃபிளாக்கைச் சேர்க்கவும்" என்று பிழைச்செய்தி காட்டி நின்றது. இரவில் க்ரான் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே ஓட்டும் வசதி) வழியாக ஓட்டுவதற்காக எனக்கு நானே எழுதிக்கொண்ட வரி அது. ஏஜெண்ட் அதை வழிகாட்டலாக எடுத்துக்கொண்டு, அடுத்த நொடியே ஃபிளாக்கோடு ஓட்டிவிட்டது. பதிவைத் திறந்து பார்த்தபோது அதன் மேல் கோபப்பட இடமே இல்லை. சொன்னதைச் செய்திருக்கிறது.

பிழைச்செய்தியும் ஆவணம்தான், அதுவும் ஏஜெண்ட் மிகக் கவனமாகப் படிக்கும் ஆவணம். இப்போது அங்கே இருப்பது (ஒத்திகை என்றால் எதையும் அழிக்காமல் பட்டியல் மட்டும் காட்டும் ஓட்டம்): "அனுமதி கிடைக்காததால் நிறுத்தப்பட்டது. எதுவும் அழியவில்லை. ஒத்திகையை ஓட்டி, பட்டியலைப் பயனரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொள்ளும்வரை மேலே போக வேண்டாம்." நிறுத்தியதோடு, அடுத்து என்ன செய்வது என்றும் சொல்ல வேண்டும். வெறுமனே "தோல்வி" என்று விட்டால் அது வேறு வழி தேடும், நேரடியாக ஆர்எம் பக்கம் போனாலும் போகும். யெஸ் ஃபிளாக்கையே எடுத்துவிட்டேன். (இங்கே அகற்றினேன் என்று பொருள்.)

நான்காவது, ஒத்திகை. எந்த ஃபிளாக்கும் இல்லாமல் ஓட்டினால் பட்டியல் மட்டும் வர வேண்டும். அழிப்பதற்குத்தான் கூடுதலாகக் கேட்க வேண்டும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கில் டிலீட் போடுமுன், எதையும் மாற்றாத டிரை ரன் ஓட்டுகிற அதே பழக்கம். உதவிக் குறிப்பில் ஒத்திகையின் மாதிரி வெளியீட்டையும் ஒட்டி வையுங்கள். அன்று பட்டியல் வந்திருந்தால், காவடி என்று பெயரிட்ட கோப்புறையை மாமாவே பார்த்துக் கத்தியிருப்பார்.

கருவியை எம்சிபி (ஏஜெண்டைக் கருவிகளோடு இணைக்கும் பொது முறை) வழியாகக் கொடுப்பவர்கள், கருவி எதையாவது அழிக்கக்கூடும் என்று சொல்லும் டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட் என்ற குறியை வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டாலும் அது உண்மை என்றுதான் கொள்ளப்படும். ஆனால் பெயரிலேயே இருக்கிறது, அது வெறும் குறிப்பு. பூட்டு இல்லை.

பின்சேர்க்கை: முதலில் இங்கே ஐந்தாம் படி ஒன்று இருந்தது. ஒத்திகையில் வரும் கோப்பு எண்ணிக்கையைத் திரும்பக் கொடுத்தால்தான் துடைப்பம் அழிக்கும் என்று பெருமையாக எழுதியிருந்தேன். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டார்: "அண்ணே, அந்த எண்ணை ஏஜெண்டே படித்துத் திரும்பக் கொடுத்துவிடாதா?" கொடுத்துவிடும். சோதித்தேன், முதல் தடவையே கொடுத்தது. ஒத்திகைக்கும் அழிப்புக்கும் நடுவில் பட்டியல் மாறினால் கண்டுபிடிக்க அந்த எண் உதவும், அவ்வளவுதான்.

அதனால் இப்போது ஏஜெண்டுக்குத் தனிப் பயனர் கணக்கு. படங்கள் இருக்கும் வட்டில் அதற்குப் படிக்கும் உரிமை மட்டுமே. அது பட்டியல் போடும். துடைப்பத்தை ஓட்டுவது சனிக்கிழமை கடை அடைத்த பிறகு, மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்புறைப் பெயரையும் வாய்விட்டுப் படித்த பிறகு.