புளியரை ஏற்றத்துக்காக டீசல் பம்பின் கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றும் முறை

பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு, தமிழ்நாடு–கேரள எல்லை மலைப்பாதையில் உள்ள புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குச் செல்லும் பழைய லாரிகளில், மூன்றாவது கியரில் எஞ்சின் நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே கவர்னர் (எஞ்சின் சுழற்சி எல்லை மீறாமல் காக்கும், டீசல் பம்பில் உள்ள கருவி) டீசலைக் குறைத்துவிடுவதும், நான்காவதுக்கு மாற்றினால் வண்டி திணறுவதும் ஓட்டுநர்கள் நன்கறிந்த தொல்லை. மூன்றாவது கியரை இன்னும் சிறிது தூரம் நீட்டிக்கொள்ள உதவுவதுதான் கவர்னர் ஸ்பிரிங் மாற்றம். குறைந்த சுழற்சியில் ஏற்படும் திணறலுக்கு இதனால் எப்பயனும் இல்லை. அதற்கு நாசில், டர்போ, ஏர் ஃபில்டர் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இம்முறை இன்லைன் பம்பும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பம்ப் அலகு வரிசையாக அமைந்த பழைய வகை) மெக்கானிக்கல் கவர்னரும் உள்ள எஞ்சின்களுக்கு மட்டுமே பொருந்தும். காமன் ரெயில் வண்டிகளில் டீசலின் அளவைக் கணினி தீர்மானிப்பதால் அங்கே மாற்றுவதற்கு ஸ்பிரிங்கே இல்லை.

கவர்னருக்குள் சுழலும் எடைகள் வெளிநோக்கி விரிய முயல்கின்றன; ஸ்பிரிங் அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது; எடை வென்றவுடன் ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) பின்வாங்கி டீசல் குறைகிறது. எடைகளின் இந்த விசை சுழற்சியின் இருமடியாக வளர்வதால், 2500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) எல்லையை 2750 ஆக்க விரும்பினால் ஸ்பிரிங் விசை ஏறத்தாழ 21 விழுக்காடும், 3000 ஆக்க விரும்பினால் 44 விழுக்காடும் கூட வேண்டும். கனெக்டிங் ராடும் பிஸ்டனும் தாங்க வேண்டிய இழுவிசையும் இதே கணக்கில்தான் ஏறும். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை வந்த டாட்ஜ் பிக்கப்களின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினுக்கு 3000, 4000 ஆர்.பி.எம். ஸ்பிரிங் தொகுப்புகள் விற்கப்படுகின்றன என்பது உண்மையே. ஆனால் 3000-க்கு மேல் ஓட்டுவோர் அங்கே வால்வ் ஸ்பிரிங்கையும் வலுவானதாக மாற்றிக்கொள்கிறார்கள். பாரம் இழுக்கும் நம் லாரிக்குச் சுழற்சி எல்லையைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டுவது பேராசை என்பது என் கருத்து.

பாஷ் ஆர்.க்யூ.வி. வகைக் கவர்னரில் ஸ்பிரிங்குகள் இரு எடைகளுக்குள்ளேயே அமைந்திருக்கும். வெளியே உள்ள பெரிய ஸ்பிரிங் ஐடிலுக்கும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்), உள்ளே உள்ளவை மேல் வேகத்துக்கும் உரியவை. ஆர்.எஸ்.வி. வகையில் ஒரே ஸ்பிரிங் தனியாக நிற்கும் என்பதால், பம்பின் தகட்டைப் படித்து வகையை உறுதி செய்த பிறகே ஸ்பிரிங் வாங்க வேண்டும்.

ஆர்.க்யூ.வி. வகையில் வேலை தொடங்குமுன் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு, பம்பின் வெளிப்புறத்தை மண் துகள் இல்லாதவாறு கழுவித் துடைக்க வேண்டும். கவர்னர் மூடியில் உள்ள பிளக்கைக் கழற்றி, எடையின் நட் துளைக்கு நேராக வரும்வரை எஞ்சினைக் கையால் சுழற்ற வேண்டும். நட்டைத் தொடுவதற்கு முன் போல்ட்டின் முனையிலிருந்து அது எவ்வளவு உள்ளே அமர்ந்திருக்கிறது என்பதை டெப்த் கேஜால் அளந்து எழுதி வைப்பது இன்றியமையாதது. துளையின் அடியில் துணியைத் திணிக்காமல் நட்டைக் கழற்றக் கூடாது. ஒரு ஷிம் (ஸ்பிரிங்கோடு வரும் மெல்லிய வளையத் தகடு) உள்ளே விழுந்தால் பம்பையே இறக்கிப் பிரிக்க நேரும். கழற்றியவற்றை வந்த வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்கி, ஐடில் ஸ்பிரிங்கை அப்படியே விட்டு, உட்புற ஸ்பிரிங்குகளை மட்டும் மாற்றி, நட்டைப் பழைய ஆழத்துக்கே கொண்டுவர வேண்டும். இரண்டாவது எடையிலும் அதே ஆழம், நட்டைத் திருகும்போது அதே எண்ணிக்கையிலான கிளிக் இருக்க வேண்டும். வேறுபட்டால் ஐடிலில் எஞ்சின் ஏறியிறங்கி ஊசலாடும்.

இதன் பிறகு டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடையில் எந்தச் சுழற்சியில் டீசல் குறையத் தொடங்குகிறது, எங்கே முற்றிலும் நிற்கிறது என்று சோதிப்பதே நல்லது. வேலையையே அக்கடையில் ஒப்படைத்தால் இன்னும் நல்லது. ஃபுல் லோட் ஸ்டாப்பை (டீசலின் உச்ச அளவை வரையறுக்கும் திருகு) மட்டும் எவர் சொன்னாலும் திருக விடாதீர்கள். அங்கே கூடுவது பெரும்பாலும் கரும்புகைதான். பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் மாசு விதி) வரையிலான டீசல் வண்டிகளுக்குப் புகைச் சோதனையில் 65 எச்.எஸ்.யு. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) தான் எல்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றங்கள் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துவதால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டியின் ஓட்டத்தை 80 கிலோமீட்டருக்குள் நிறுத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இதிலிருந்து வேறானது. அதைத் தொடக் கூடாது.

ஓட்டுநரிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் எந்தக் கவர்னராலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே ஸ்பிரிங் மாற்றிய வண்டியில் டேக்கோமீட்டர் பொருத்தி, பழைய எல்லையில் ஒரு சிவப்புக் கோடு வரைந்து, புளியரை எஸ் வளைவுக்கு இறங்கும்போது முள் அக்கோட்டைத் தாண்டாதபடி முன்கூட்டியே வேகத்தையும் கியரையும் குறைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.