வேன் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகாத சிக்கலைத் தீர்த்த விதம்

எங்கள் பயண வேனின் கூரையில் 200 வாட் சோலார் பேனல் இருந்தும், உள்ளே இருந்த 12 வோல்ட் ஈய அமில பேட்டரி நல்ல வெயில் நாளில்கூட மாலைக்குள் முழுதாகச் சார்ஜ் ஆகவில்லை. பேனலையே மாற்றிவிடச் சொன்னார்கள். ஆனால் அளந்து பார்க்காமல் செலவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. நண்பகலில் 10 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தபோது, பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரின் முனைகளில் மல்ட்டிமீட்டர் 14.4 வோல்ட் காட்டியது. பேட்டரி முனைகளிலோ 13.6 மட்டுமே.

காரணம் வயர்தான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்த கன்ட்ரோலரிலிருந்து வேனின் பின்பக்கம் இருந்த பேட்டரி வரை 6 மீட்டர், போகவர 12 மீட்டர், 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் மின்சாரம் ஓடியதால், வழியிலேயே ஏறத்தாழ 0.8 வோல்ட் குறைந்தது. கன்ட்ரோலர் தன் முனையில் உள்ள மின்னழுத்தத்தையே பேட்டரியுடையதாக எடுத்துக்கொண்டு, பேட்டரி நிறையும் முன்பே மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறது. ஈய அமில பேட்டரியை நாள்தோறும் இப்படி அரைகுறையாக விட்டால், தகடுகளில் சல்ஃபேட் படிந்து அதன் ஆயுளே குறைந்துவிடும்.

கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டர் தொலைவுக்குள் கொண்டுவந்து, 6 சதுர மி.மீ. வயர் போட்டு, பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஃப்யூஸ் வைத்தேன். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது பேனல்தான் முதலில். நீண்ட வயர் இப்போது பேனல் பக்கம் இருப்பதால், அங்கே ஏற்படும் இழப்பு கன்ட்ரோலரின் கணக்கைக் கெடுப்பதில்லை. அதே 10 ஆம்பியரில் கன்ட்ரோலர் முனைகளில் காட்டும் அளவுக்கும் பேட்டரி முனைகளில் காட்டும் அளவுக்கும் இடையே 0.1 வோல்ட்கூட வித்தியாசம் இல்லை.