புழுதி விதைப்பு நெல்லுக்கு மண்ணும் உரமும்: புதியவர்களுக்கான செய்முறை

இராமநாதபுரம் மாவட்டத்தின் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையை நம்பி, காய்ந்த நிலத்திலேயே நெல்லை விதைக்கிறார்கள். நாற்று நட்டு நீர் தேக்கும் வயலுக்குரிய உர அட்டவணை இந்தப் புழுதி விதைப்புக்குப் பொருந்தாது. இங்கு உரமிடும் நாளை முடிவு செய்வது நாட்காட்டியைவிட மண்ணின் ஈரமே.

படி 1: மண் மாதிரி

கோடையில் வயல் காலியாக இருக்கும்போது, பத்துப் பதினைந்து இடங்களில் மேலே கிடக்கும் குப்பையை நீக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் இரு பக்கங்களிலிருந்தும் சீராக மண்ணைச் சுரண்டி எடுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எடுத்ததை ஒன்றாகக் கலந்து, அரை கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

படி 2: உழவும் எருவும்

கோடை மழை ஈரத்தில் உழுது, ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் இடுங்கள். அவ்வளவு எரு கிடைக்காதவர்கள் ஆட்டுக்கிடை போடலாம், அதாவது எருவுக்காக ஆடுகளை இரவில் வயலில் அடைத்து வைக்கலாம். மணற்பாங்கான நிலத்தில் கண்மாய்க் கரம்பையை (பாசன ஏரியின் அடியில் படிந்த வண்டல் மண்) பரப்பினால் ஈரம் கூடுதல் நாள் நிற்கும். களிமண் நிலத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

படி 3: அடியுரம்

காய்ந்த மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பயிருக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே ஏக்கருக்குச் சுமார் 62 கிலோ சூப்பர் பாஸ்பேட்டை 300 கிலோ தொழுவுரத்துடன் கலந்து, லேசாக நீர் தெளித்து, நிழலில் ஒரு மாதம் மூடி வைத்து, விதைப்பின்போது இடுங்கள். இந்த ஒரு மாதத்தைக் கணக்கிட்டு ஆடியிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது.

படி 4: மேலுரம்

பரிசோதனை முடிவு கையில் இல்லையென்றால், மானாவாரி (மழையை மட்டும் நம்பிய) நெல்லுக்கான பொதுப் பரிந்துரைப்படி ஏக்கருக்கு 44 கிலோ யூரியாவும் 17 கிலோ பொட்டாஷும் போதும். இரண்டையும் சம பாதியாக்கி, முளைத்த 20–25ஆம் நாளிலும் 40–45ஆம் நாளிலும், களையெடுத்த பிறகு தூவுங்கள். காய்ந்த மண்ணின் மேல் கிடக்கும் யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். கனமழைக்கு முன்பு இட்டாலோ அது நைட்ரேட்டாக மாறி வேருக்குக் கீழே இறங்கிவிடும். மழை பெய்து, தேங்கிய நீர் வடிந்து, மண் பதமாக இருக்கும் நாளே ஏற்றது. மழை ஒரு வாரம் தள்ளிப்போனால் உரத்தையும் தள்ளிப்போடுங்கள்.

படி 5: மஞ்சளைப் பிரித்தறிதல்

அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. குருத்திலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க வெளிறினால் அது இரும்புச்சத்துக் குறைவு; அதற்கு யூரியா இடுவது வீண்செலவு. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்பு சல்பேட்டை மண்ணில் இட்டாலும் விரைவில் கரையாத வடிவமாகிவிடும் என்பதால், லிட்டருக்கு 10 கிராம் இரும்பு சல்பேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். பச்சை திரும்பாவிட்டால் பத்து நாள் கழித்து மீண்டும் தெளிக்கலாம். இதற்கிடையே கண்மாய் நிரம்பி வயலில் நீர் நின்றுவிட்டால், மண்ணிலுள்ள இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறுவதால் தெளிப்பு பெரும்பாலும் தேவைப்படாது.