தட்டைப் பிடுங்காமல் சாப்பாட்டு பாக்கி கேட்பது எப்படி?

அமெரிக்காவில் ஒரு தொடக்கப்பள்ளி உணவுக்கூடத்தில் கல்லாவில் உட்காருகிறேன். முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு நாள், கணக்கில் பாக்கி இருந்த ஒரு பையனின் தட்டை வாங்கி, சூடான சாப்பாட்டைக் குப்பையில் கொட்டச் சொன்னார்கள். பதிலுக்கு ஆறிப்போன சீஸ் சாண்ட்விச். அது யாருக்குக் கிடைக்கும் என்று வரிசையில் நின்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவன் அதைப் பிரிக்கவே இல்லை, பைக்குள் திணித்துக்கொண்டான். கொட்டியதால் பள்ளிக்கு ஒரு சென்ட்கூட மிஞ்சவில்லை.

அதனால் முதலில் கல்லாவைச் சரிசெய்யுங்கள். பாக்கி இருந்தால் எங்கள் கணினி வேறு மாதிரி ஒலிக்கும். அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். திரை என் பக்கம் மட்டும் தெரியும்படி திருப்பியிருக்கிறது. தொகையைப் பிள்ளையிடம் சொல்வதில்லை, கையில் சீட்டும் கொடுத்தனுப்புவதில்லை. நியூ மெக்சிகோவில் 2017-லேயே இப்படிப் பிள்ளைகளை அவமானப்படுத்தத் தடைச்சட்டம் வந்துவிட்டது. உங்கள் மாநிலத்தில் சட்டம் இல்லாவிட்டாலும் இதையெல்லாம் இன்றைக்கே செய்யலாம்.

அப்புறம், பெற்றோரை நேரடியாக போனில் கூப்பிடுங்கள். பாக்கியில் ஆரம்பிக்காதீர்கள். "இந்த வருடம் சலுகை உணவுக்கான படிவம் கொடுத்தீர்களா?" என்று கேளுங்கள். போன வருடச் சலுகை புதுப் பள்ளியாண்டில் முதல் 30 பள்ளி நாட்களுக்குத்தான் செல்லும். அதற்குள் தகுதி புதுப்பிக்கப்படாவிட்டால் அடுத்த நாளிலிருந்து முழு விலை. எங்கள் பள்ளியில் அக்டோபரில் பாக்கி திடீரென்று ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். பல வீடுகளில் இது தெரியவே தெரியாது.

வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டு அளவில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் சாப்பாடு இலவசம். 185 வரை என்றால் மதிய உணவுக்கு 40 சென்ட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. நடுவில் வேலை போனால், வருடத்தில் எந்த நாளிலும் விண்ணப்பிக்கலாம். நம் ஊர்க்காரர்கள் விசாவை நினைத்துத் தயங்குகிறார்கள். படிவத்தில் குடியேற்ற நிலை பற்றிய கேள்வியே கிடையாது. அமெரிக்க அரசு ஆளுக்கொன்றாகத் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி 4 இலக்கம் கேட்பார்கள். அது இல்லாதவர்கள் 'இல்லை' என்ற கட்டத்தில் குறித்தால் போதும்.

ஆனால் சலுகை கிடைத்ததும் பழைய பாக்கி தானாக அழிந்துவிடாது. மத்திய அரசு தரும் உணவுப் பணத்தை வைத்து வராக்கடனைத் தீர்க்கவும் முடியாது. தவணை பேசுங்கள், இல்லையென்றால் நன்கொடை தேடுங்கள். கொடுப்பவர் "எந்தப் பிள்ளைக்கு?" என்று கேட்டால் பெயரைச் சொல்லாதீர்கள். பணம் பொதுக் கணக்கில் சேரட்டும், போட்டோவும் வேண்டாம்.