லண்டனின் பீர் ஆலைகளை எண்ணுவது எப்படி

லண்டனில் எந்த ஆண்டில் எத்தனை பீர் ஆலைகள் இருந்தன என்ற ஒரே கேள்விக்காக மூன்று முறை அட்டவணை போட்டு, இரண்டை முழுவதுமாக அழித்திருக்கிறேன். பெயர்கள் கிடைக்காததால் அழிக்கவில்லை. எதை எண்ணுகிறேன் என்று முடிவு செய்யாமலேயே எண்ணத் தொடங்கியதால் அழித்தேன். மூன்றாவது முறை கைகொடுத்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, ஆலை என்றால் என்ன என்று ஒரு வரியில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்வது. என் வரி இது: முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸ் என்ற கசப்பு மலர்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஈஸ்ட் இட்டு நொதிக்கவைக்கும் வேலை விற்பனைக்காக அந்த இடத்திலேயே நடக்க வேண்டும். அலுவலகமும் கிடங்கும் ஆலை ஆகா. என் முதல் அட்டவணை இங்கேதான் விழுந்தது. பழைய வணிக முகவரிப் புத்தகங்களில் பீர் தயாரிப்பாளர் என்ற தலைப்பின்கீழ் இருந்த எல்லாப் பெயர்களையும் எடுத்து எழுதியிருந்தேன். அவற்றில் சில, பர்ட்டன் நகரில் காய்ச்சி ரயிலில் அனுப்பியவர்களின் லண்டன் கிடங்குகள். 1868இல் திறக்கப்பட்ட செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில், பர்ட்டன் பீப்பாய்களை அடுக்குவதற்கு ஏற்ற அளவில்தான் தூண்களின் இடைவெளியையே வைத்தார்கள். அவ்வளவு பீர் அங்கே இறங்கியது. ஆனால் அதில் ஒரு பீப்பாய்கூட லண்டனில் காய்ச்சியது அல்ல.

இந்த விதி பிற்காலத்துக்கும் வேண்டும். லண்டனுக்கு வெளியே ஓர் உதாரணம்: நியூயார்க்கின் புரூக்ளினில் எஞ்சியிருந்த ஷேஃபர், ரைன்கோல்ட் என்ற இரண்டு ஆலைகளும் 1976இல் மூடப்பட்டன. புரூக்ளின் புருவரி 1988இல் தொடங்கியது. ஆனால் அதன் பீர் முதலில் யூட்டிகா நகரின் வேறொரு ஆலையில் காய்ச்சப்பட்டு வந்தது. வில்லியம்ஸ்பர்கில் சொந்த ஆலை 1996இல்தான் திறந்தது. நிறுவனங்களை எண்ணுகிறவருக்கு ஒரு விடை, ஆலைகளை எண்ணுகிறவருக்கு வேறு விடை. இரண்டும் சரியானவையே. எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தைக் காட்ட வரையும் ஒரே கோட்டில் இரண்டையும் கலப்பதுதான் தவறு.

அடுத்தது எல்லை. என் இரண்டாவது அட்டவணையில் 1965இல் திடீரென்று சில ஆலைகள் கூடியிருந்தன. புதிதாக ஒன்றும் திறக்கவில்லை, நகரம் பெரிதாகியிருந்தது. 1889இல் அமைந்த லண்டன் கவுண்டிக்குள் சிஸ்விக்கும் மோர்ட்லேக்கும் இல்லை. 1965இல் பெருநகர லண்டன் உருவானபோது இரண்டும் உள்ளே வந்தன, அவற்றின் பழைய ஆலைகளோடு. ஆகவே இன்றைய எல்லையையே எடுத்துக்கொண்டு, அதை எல்லா ஆண்டுகளுக்கும் பொருத்துங்கள். 1800இல் வயல்வெளியாக இருந்த இடத்தில் ஓர் ஆலை இருந்தாலும் அது கணக்கில் வரட்டும்.

இப்போது அட்டவணை. ஒவ்வொரு வரிக்கும் அடையாளமாக ஆலையின் பெயரை வைக்காதீர்கள், இடத்தை வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சதர்க்கில் பார்க்ளே பெர்கின்ஸின் ஆலைக்கு ஆங்கர் என்று பெயர். தேம்ஸ் கரையோரம் ஹார்ஸ்லிடவுனில் கரேஜ் நிறுவனத்தின் ஆலைக்கும் ஆங்கர். மைல் எண்டில் சாரிங்டன் நிறுவனத்தின் ஆலைக்கும் ஆங்கர். பெயரை நம்பினால் மூன்று ஆலைகள் ஒன்றாகிவிடும். தலைகீழாகவும் நடக்கும்: வாட்னி நிறுவனத்தின் ஸ்டாக் ஆலை பிம்லிகோவில் இருந்தது. அது 1959இல் மூடப்பட்டபின் அந்தப் பெயர் மோர்ட்லேக் ஆலைக்குப் போனது. பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு ஒரே ஆலை நூற்றாண்டுகளாக ஓடுவதுபோலத் தெரியும். தெருப் பெயரும் வரைபடக் குறியும் ஏமாற்றுவதில்லை.

ஆதாரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகவரிப் புத்தகங்களை ஐந்தாண்டு இடைவெளியில் எடுத்தால் போதும். அச்சுக்கு முன்பே விவரம் சேகரித்திருப்பார்கள் என்பதால், மூடிய ஆலை ஓர் ஆண்டு கூடுதலாக உயிரோடு இருப்பதாகத் தெரியலாம். அதைச் சரிபார்க்கத் தீக்காப்பீட்டு வரைபடங்கள் மிகவும் உதவும். சார்ல்ஸ் கோடின் நிறுவனம் 1886 முதல் வரைந்த வரைபடங்களில் எந்தக் கட்டடம் எதற்குப் பயன்பட்டது என்பதே குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெயர் இரண்டு ஆதாரங்களில் வந்தால்தான் என் அட்டவணையில் ஏறும்.

ஒவ்வோர் இடத்துக்கும் தொடங்கிய ஆண்டு, நின்ற ஆண்டு, நின்ற காரணம் என்று மூன்று கட்டங்கள் போடுங்கள். மூன்றாவது கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1898இல் வாட்னி, கோம்ப், ரீட் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்கள் இணைந்தன. அதன்பின் அவர்களுடைய பழைய ஆலைகளில் இரண்டு தேவையற்றுப் போயின. கோடு இரண்டு படி இறங்கும். அதற்காக அந்த நிறுவனத்தின் பீர் அதே அளவு குறைந்துவிட்டது என்று படிக்கக்கூடாது. வேலை ஒரே கூரையின்கீழ் போனது, அவ்வளவுதான். போர்ட்டர் என்ற கருநிற பீரின் காலத்திலேயே இந்தக் குவிப்பு தொடங்கிவிட்டது. 1814 அக்டோபர் 17 அன்று டோட்டன்ஹாம் கோர்ட் சாலையருகே ஹார்ஸ் ஷூ ஆலையில் 22 அடி உயரத் தொட்டி உடைந்து, பெருகிய பீர் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் பாய்ந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட தொட்டிகள் வைத்திருந்த ஆலைக்கும், விடுதிக்குப் பின்னால் ஓர் அண்டாவில் காய்ச்சியவருக்கும் நம் எண்ணிக்கையில் ஒரே ஒரு புள்ளிதான். உற்பத்தி அளவு கிடைக்கும் ஆண்டுகளில் அதை நான்காவது கட்டமாகக் கட்டாயம் சேருங்கள்.

அண்மைக் காலத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. 2002இல் பிரிட்டன் சிறு ஆலைகளுக்குப் பீர் வரியைக் குறைத்தது. ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர் வரை காய்ச்சியவர்களுக்கு அப்போது பாதி வரிதான் இருந்தது. ரயில் பாலங்களின் வளைவுகளுக்கு அடியில் ஆலைகள் முளைத்தன. பெர்மாண்ட்சியில் கெர்னல் ஆலை 2009இல் தொடங்கியது. 2010களின் பிற்பகுதியில் லண்டனின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அந்தக் கோடு ஏறிக்கொண்டிருந்தபோதே, 2015இல் மோர்ட்லேக் ஆலை மூடப்பட்டது. கோட்டில் அது வெறும் ஒன்று குறைவு. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது ஒன்று அல்ல என்பதால், என் கோட்டில் அந்த ஆண்டின் மேல் ஆலையின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, விதிக்குள் அடங்காத ஓர் இடமாவது வரும். எனக்கு அது வான்ட்ஸ்வொர்த். 16ஆம் நூற்றாண்டு முதல் பீர் காய்ச்சப்பட்டதாகச் சொல்லப்படும் ராம் ஆலையை யங்ஸ் நிறுவனம் 2006இல் மூடியது. ஆனால் அங்கு வேலை பார்த்த ஒருவர் கிடைத்த பாத்திரங்களைக் கொண்டு அதே வளாகத்தில் சிறிது சிறிதாகக் காய்ச்சிக்கொண்டே இருந்தார். விற்பதற்காக அல்ல, தொடர்ச்சி அறுந்துவிடக்கூடாது என்பதற்காக. 2021இல் சாம்புரூக்ஸ் ஆலை அங்கே குடிபெயர்ந்தது. விற்பனை இல்லாததால் என் விதிப்படி இடைப்பட்ட ஆண்டுகளுக்குச் சுழியம்தான். சுழியமே போட்டேன். ஆனால் அந்த வரியில் 2006க்கும் 2021க்கும் நடுவே பென்சிலால் ஒரு புள்ளிக்கோடு இழுத்து, காரணத்தை ஓரத்தில் எழுதிவைத்தேன்.