திக்கிப் பேசுபவர்கள் வேலை தேடுவது எப்படி: விண்ணப்பம் முதல் வேலையின் முதல் வாரம் வரை

திக்கல் உள்ளவர்கள் இன்டர்வியூவுக்குத் தயாராகும்போது பெரும்பாலும் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான் இருக்கும்: அன்றைக்கு மட்டுமாவது திக்காமல் பேசிவிட வேண்டும். தொண்டையை இறுக்குவதே அந்த எண்ணம்தான். அடக்க அடக்கத் திக்கல் கூடும். அடுத்து எந்தச் சொல் மாட்டும் என்று தேடுவதிலேயே பாதிக் கவனம் போய்விடும். மிச்சமிருக்கும் பாதியில்தான் கேள்விக்குப் பதில் யோசிக்க வேண்டியிருக்கும்.

அதனால் கீழே உள்ள படிகள் எல்லாம் ஒரு கணக்கை வைத்தே எழுதப்பட்டவை: திக்கல் வரும். அதற்கு வேண்டிய நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்கிறோம். எதிரில் இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியப்படுத்துகிறோம். சொல்ல வந்ததை மாற்றாமல் சொல்லி முடிக்கிறோம்.

படி 1: உங்கள் திக்கலைப் பதிவு செய்து கேளுங்கள்

போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, நண்பர் ஒருவரிடம் உங்கள் படிப்பு, வேலை பற்றி 5 நிமிடம் பேசுங்கள். தனியாகப் பேசிப் பதிவு செய்ய வேண்டாம். தனியாகப் பேசும்போதும் பாடும்போதும் பலருக்குத் திக்கல் அநேகமாக வராது, அந்தப் பதிவால் பயனில்லை. கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியவர்கள் இன்டர்வியூ அறையில் திகைத்துப் போவதற்கும் காரணம் இதுதான்.

திரும்பக் கேட்கும்போது மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து மீண்டும் மீண்டும் வருகிறதா (ப-ப-பத்து)? ஒலி இழுபடுகிறதா (ஸ்ஸ்ஸாஃப்ட்வேர்)? அல்லது சத்தமே வராமல் அடைத்து நிற்கிறதா? அடைப்புத்தான் இன்டர்வியூவில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வகை. திக்குவது வெளியே தெரியாததால், பதில் தெரியாமல் விழிக்கிறார் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

நான்காவதாக ஒன்று பதிவில் கேட்காது, உங்களுக்கு மட்டுமே தெரியும்: எந்தெந்தச் சொல்லைத் தவிர்த்தீர்கள் என்பது. இதை நேர்மையாக எழுதுங்கள். ‘நாலு வருஷ அனுபவம்’ என்று சொல்ல வேண்டியவர், ‘நா’ மாட்டும் என்று பயந்து ‘மூணு வருஷம்’ என்று சொல்லிவிடுவார். ஒரு வருட உழைப்பு அந்த இடத்திலேயே காணாமல் போகிறது. திக்கியிருந்தால் சில விநாடிதான் போயிருக்கும்.

படி 2: விளம்பரத்தைப் படிக்கும் முறை

‘நல்ல தகவல் தொடர்புத் திறன் தேவை’ என்ற வரியைப் பார்த்ததும் விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். அந்த வரி கிட்டத்தட்ட எல்லா விளம்பரத்திலும் இருக்கும். தெளிவாக எழுதுவது, பொறுமையாகக் கேட்பது, சிக்கலான விஷயத்தை எளிதாக விளக்குவது எல்லாமே அதில் அடக்கம்.

பார்க்க வேண்டியது வேறு: பேச்சுக்கு விநாடிக் கணக்கு உண்டா? ஒவ்வொரு அழைப்பையும் இத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று அளக்கும் வேலையிலும், மாற்றமுடியாத வாசகத்தை வரிக்கு வரி சொல்ல வேண்டிய வேலையிலும் சிரமம் கூடுதல்தான். மற்றபடி நிறையப் பேச வேண்டிய வேலை என்பதற்காகவே ஒதுக்கத் தேவையில்லை. வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிலும் விற்பனையாளர்களிலும் வழக்கறிஞர்களிலும் திக்கிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை தலைமை தாங்கி நடத்திய ஜாக் வெல்ச் திக்கிப் பேசியவர்.

படி 3: ரெஸ்யூமும் முதல் மின்னஞ்சலும்

ரெஸ்யூமில் திக்கலைக் குறிப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. செய்த வேலைக்கான சான்றுகளை அதில் கூட்டுங்கள்: எண்ணிக்கைகள், இணைப்புகள், மாதிரிகள். வாயால் விளக்க வேண்டியதில் ஒரு பகுதியைத் தாள் சுமந்துகொள்ளும்.

இன்டர்வியூ தேதி உறுதியானதும் ஹெச்.ஆருக்கு எழுதும் பதிலில்தான் சொல்வது நல்லது. இப்படி எழுதலாம்:

‘நேரம் குறித்ததற்கு நன்றி, கட்டாயம் வருகிறேன். எனக்குத் திக்கல் உண்டு. பேச்சுக்கு நடுவே இடைவெளிகள் வரும். அதனால் கூடுதலாக 10, 15 நிமிடம் ஒதுக்க முடிந்தால் உதவியாக இருக்கும். போனைவிட வீடியோ அழைப்பு எனக்கு வசதி.’

வீடியோ ஏன் என்றால், அடைத்து நிற்கும்போது உங்கள் முகம் தெரியும், லைன் போய்விட்டதோ என்று யாரும் குழம்ப மாட்டார்கள். கணினியே கேள்வி கேட்டு நேரம் வைத்துப் பதிவு செய்யும் இன்டர்வியூ என்றால், நேர வரம்பைக் கூட்டித் தரும்படியோ ஆளோடு நேரில் பேச ஏற்பாடு செய்யும்படியோ முன்பே கேளுங்கள். தொடங்கிய பிறகு கேட்டால் மாற்ற வழியிருக்காது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் போன்றவற்றின் கீழ், திக்கலின் தீவிரத்தைப் பொறுத்து இப்படிப்பட்ட வசதிகளை உரிமையாகவே கேட்கலாம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் மரியாதையாகக் கேட்பதற்குச் சட்டம் தேவையில்லை.

படி 4: திக்கலை அறிவிக்கும் வாக்கியம்

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் போதும் என்று சொல்லுமளவுக்கு இது முக்கியம். வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, உட்கார்ந்த உடனே சொல்ல வேண்டும். மூன்று துண்டுகள்: எனக்கு என்ன இருக்கிறது, நீங்கள் என்ன பார்ப்பீர்கள், நீங்கள் என்ன செய்தால் நல்லது.

‘எனக்குத் திக்கல் உண்டு. சில சொற்கள் வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். காத்திருந்தீர்கள் என்றால் நானே சொல்லி முடித்துவிடுவேன். ஏதாவது புரியவில்லை என்றால் தாராளமாகத் திரும்பக் கேளுங்கள்.’

இவ்வளவுதான். சொல்ல 15, 20 விநாடி ஆகும். இதைச் சொல்லும்போதே திக்கினால் நல்லதுதான், அவர்கள் கண் முன்னாலேயே பார்த்துவிடுகிறார்கள்.

பிழையாவது எங்கே? முதலாவது, மன்னிப்புக் கேட்பது. ‘சாரி, எனக்குக் கொஞ்சம் பேச்சு சரியா வராது, பொறுத்துக்கங்க’ என்றால் குறையை ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும். மன்னிப்புக் கேட்டு அறிவிப்பதையும் தகவலாக அறிவிப்பதையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது. தகவலாகச் சொன்னவரைப் பற்றித்தான் கேட்டவர்களின் எண்ணம் நன்றாக இருந்தது. இரண்டாவது, தாமதம். நான்கைந்து முறை பலமாகத் திக்கிய பிறகு சொன்னால் அது சமாளிப்பாகத் தெரியும். மூன்றாவது, ‘பதற்றத்தில்தான் இப்படி, வழக்கமா நல்லாப் பேசுவேன்’ என்ற வாக்குறுதி. அதைச் சொன்ன அடுத்த நொடியிலிருந்து அதைக் காப்பாற்றும் பாரம் உங்கள் தலையில்.

படி 5: உங்கள் பெயர்

திக்குபவர்களில் மிகப் பலருக்கு உலகத்திலேயே கடினமான சொல் சொந்தப் பெயர். வேறு சொல் போட்டுத் தப்பிக்க முடியாத ஒரே சொல் அது. கேட்டவுடன் சொல்ல வேண்டிய சொல்லும் அதுதான். பெயர் தெரியாமல் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் அங்கே வரும் தயக்கம் எல்லோருக்கும் விசித்திரமாகப் படுகிறது. எனவே இதைத் தனியாகப் பழக வேண்டும்.

உங்கள் பெயர் பரணி என்று வைத்துக்கொள்வோம். ‘ப’வுக்கு உதடுகள் சேர வேண்டும். மாட்டும் என்று பயந்தவுடன் உதடுகளை இறுக்கி மூடுகிறீர்கள். பின்னால் காற்று முட்டுகிறது, இன்னும் அழுத்துகிறீர்கள், கழுத்து விடைக்கிறது. மாற்றிச் செய்ய வேண்டியது இது: மூச்சை லேசாக வெளியே விடத் தொடங்குங்கள். காற்று போய்க்கொண்டிருக்கும்போதே உதடுகளை, இரண்டு தாள் ஒன்றை ஒன்று தொடுவது போலப் பட்டும் படாமல் சேர்த்து எடுங்கள். பெயர் உயிரெழுத்தில் தொடங்கினால் (இளங்கோ, உமா) அடைப்பு தொண்டையில் இருக்கும். அதற்கும் அப்படித்தான்: ஒரு துளி மூச்சு முதலில், அதன் மேல் குரல்.

அப்படியும் மாட்டிக்கொண்டால் முட்டித் தள்ளாதீர்கள். மாட்டிய இடத்திலேயே ஒரு நொடி நின்று, இறுக்கத்தை மட்டும் தளர்த்தி, மெதுவாக வழுக்கி வெளியே வாருங்கள். பேச்சுப் பயிற்சியில் நெடுங்காலமாகச் சொல்லித்தரப்படும் முறை இது.

இதோடு ஒரு நாளைக்குப் பத்து முறை, முன்பின் தெரியாதவர்களிடம் பெயரைச் சொல்லுங்கள். கடைக்கு, நூலகத்துக்கு, சேவை மையத்துக்குப் போன் செய்து ‘நான் பரணி பேசுகிறேன்’ என்று தொடங்கலாம். அதில் இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே ‘ப-ப-பரணி’ என்று திக்கிச் சொல்லுங்கள். கேட்க வினோதமாக இருக்கும். ஆனால் நாமே விரும்பித் திக்கும்போது ‘வந்துவிடுமோ’ என்ற பயம் பிடி தளர்கிறது. ‘ஆங்… வந்து… என் பேரு’ என்று முட்டுக்கொடுக்கும் சொற்களை மட்டும் பழகிவிடாதீர்கள். சில வாரம் உதவும், பிறகு அதுவும் சேர்ந்து மாட்டும்.

படி 6: போன் அழைப்பு

ஹெச்.ஆர். முன்னறிவிப்பில்லாமல் அழைப்பார். எடுத்தவுடன் அடைத்து நின்றால், அந்தப் பக்கம் ‘ஹலோ, ஹலோ’ என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்குக் கேட்பது வெறும் மௌனம். சொல் வராவிட்டாலும் சத்தம் போக வேண்டும். முதல் ஒலியை மெதுவாக இழுத்தே தொடங்குங்கள், மூச்சின் ஓசையாவது கேட்கட்டும். வைத்துவிட்டால் உடனே நீங்களே திரும்ப அழையுங்கள். அழைத்தவுடன் சொல்ல வேண்டிய வரி: ‘எனக்குத் திக்கல் உண்டு, நடுவில் சத்தம் நின்றாலும் லைனில்தான் இருக்கிறேன்.’

படி 7: ஒத்திகை

இரண்டு வாரம் போதும். முதல் மூன்று நாள் நெருங்கிய நண்பரிடம் நேரில், அடுத்த மூன்று நாள் அவரிடமே போனில், பிறகு அதிகம் பழக்கமில்லாத ஒருவரிடம். கடைசி வாரத்தில் மூன்று பேரை வரிசையாக உட்கார வைத்து இரண்டு முறை முழு இன்டர்வியூ. அதில் ஒருவர் வேண்டுமென்றே குறுக்கிட வேண்டும், உங்கள் வாக்கியத்தைத் தப்பாக முடித்துவைக்க வேண்டும். ‘இல்லை, நான் சொல்ல வந்தது வேறு’ என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரப் பழகுங்கள். இதைப் பழகாதவர்கள் அவர் போட்ட சொல்லுக்கே தலையாட்டிவிட்டு, சொல்லாத ஒன்றுக்குப் பொறுப்பாளியாகிவிடுகிறார்கள்.

சுய அறிமுகத்தைக் கடிகாரம் வைத்து அளங்கள். திக்கலோடு சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் விஷயத்தைக் குறையுங்கள். வேகத்தைக் கூட்டினால் திக்கலும் கூடும். மனப்பாடமும் வேண்டாம். மனப்பாடமாகச் சொல்லும்போது அடுத்த சொல் மாற்றமுடியாததாகிவிடும், பெயருக்கு நேர்வதே அங்கும் நேரும்.

ஸ்பீச் தெரபிஸ்டிடம் போக நினைப்பவர்கள் இன்டர்வியூவுக்கு மாதங்கள் முன்பே போங்கள். கடைசி வாரத்தில் கற்ற உத்தி, அழுத்தம் வந்தவுடன் கையை விட்டுவிடும். ‘பத்து நாளில் முழுக் குணம்’ என்று விளம்பரம் செய்பவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

படி 8: அந்த நாள்

செய்த வேலையின் மாதிரியை ஒரு பக்கத் தாளாகவோ டேப்லெட்டிலோ கொண்டுபோங்கள். மாட்டிக்கொள்ளும்போது கண்ணைத் தாழ்த்தாதீர்கள். கேட்பவரைப் பார்த்தபடியே மாட்டி, பார்த்தபடியே வெளியே வாருங்கள். பார்வை விலகினால்தான் அவர்களுக்குச் சங்கடம் தொடங்கும். பதிலின் முக்கிய வரியை முதலில் சொல்லிவிடுங்கள், விளக்கம் பின்னால் வரட்டும். குழு விவாதம் என்றால் முதல் மூன்று பேருக்குள் பேசிவிடுங்கள். காத்திருக்கக் காத்திருக்க வாய் திறப்பது கடினமாகும்.

முடிந்ததும் அன்றைக்கே ஒரு நன்றி மின்னஞ்சல். அதில் திக்கலால் விட்டுப்போன பதில் ஏதாவது இருந்தால் மூன்று நான்கு வரியில் எழுதிச் சேருங்கள். பிறகு உங்களுக்காக ஒரு குறிப்பு: எத்தனை முறை திக்கினேன் என்ற கணக்கு வேண்டாம். சொல்ல நினைத்ததில் எதைச் சொல்லாமல் விட்டேன், எந்தச் சொல்லை மாற்றினேன் என்று எழுதுங்கள். அடுத்த இன்டர்வியூவுக்கான பயிற்சிப் பட்டியல் அதுதான்.

வேலை கிடைத்த பிறகு

முதல் வாரத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்ளும் கூட்டம் வரும். உங்கள் முறை நெருங்க நெருங்க இதயம் அடித்துக்கொள்ளும். முடிந்தால் முதல் ஆளாகவோ இரண்டாம் ஆளாகவோ பேச வசதியான இடத்தில் உட்காருங்கள். படி 4இல் சொன்ன வாக்கியத்தையே அங்கும் சொல்லுங்கள். இனி தினமும் சேர்ந்து வேலை செய்யப்போகிறவர்கள் அவர்கள், முதல் நாளே தெரிந்துகொள்ளட்டும்.